கொரோனா மூன்றாவது அலை வருகிறது: நம் ஊர் விலங்குக் காப்பகங்கள் இந்த முறை என்ன செய்யப் போகின்றன?

தாம்பரம்_தேவி | 7 ஜனவரி 2022, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். நேற்றிலிருந்து இரவு ஊரடங்கு, நாளை மறுநாள் ஞாயிறு முழு ஊரடங்கு. இது இத்தோடு நிற்குமா, மறுபடியும் மாதக்கணக்கில் இழுக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இப்போதே பேசி வைத்துக்கொள்வோம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எங்களுடையது தாம்பரம் பக்கத்தில் ஒரு சின்னக் காப்பகம். அறுபது நாய்களுக்கான இடத்தில் எண்பது இருக்கின்றன. பூனைகளுக்குத் தனி அறை. விபத்தில் அடிபட்டவை, தோல் நோய் வந்தவை, வீட்டில் வளர்த்துக் கைவிடப்பட்டவை என்று எல்லாம் கலந்த கூட்டம்.

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு 144 போட்டபோது எங்களிடம் நான்கு நாளுக்கான அரிசிதான் இருந்தது. கோழிக் கடைகள் மூடிவிட்டன. வேலைக்கு இருந்தவர்களில் பாதிப் பேர் வெளி மாநிலத்துக்காரர்கள். மே மாதம் ரயில் விட்டதும் ஊருக்குப் போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. மீதி இருந்தவர்களை இரண்டு அணியாகப் பிரித்தோம். ஒரு அணி ஒரு வாரம் காப்பகத்துக்குள்ளேயே தங்கும், அடுத்த வாரம் அடுத்த அணி வரும். பார்வையாளர் வரக்கூடாது, ஞாயிற்றுக்கிழமைத் தத்தெடுப்பு நாள் கிடையாது. இதெல்லாம் எல்லாக் காப்பகங்களும் செய்ததுதான்.

நான் கேட்க விரும்புவது வேறு. இந்த இரண்டு வருடத்தில் நாம் அவசரத்துக்குச் செய்தவற்றில் எவை நிரந்தரமாக இருக்க வேண்டியவை? எவற்றைத் திரும்பச் செய்யவே கூடாது? என் பதில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருத்தடை அறுவையை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது. மற்றதை நீங்கள் சொல்லுங்கள்.

---

மதுரை_முத்து | 7 ஜனவரி 2022, இரவு 10:25

தேவி அக்கா, நல்ல நேரத்தில் ஆரம்பித்தீர்கள். நான் காப்பகம் நடத்துபவன் இல்லை. தெருவில் சோறு வைக்கும் குழுவில் இருக்கிறேன்.

எங்கள் ஊர் ராத்திரி முழுக்க விழித்திருக்கிற ஊர். பரோட்டாக் கடை, இட்லிக் கடை வாசலில் விழுவதை நம்பி எத்தனை நாய்கள் வாழ்ந்தன என்பது கடைகள் மூடிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. முதல் வாரம் கடை வாசலிலேயே படுத்துக் கிடந்தன. அப்புறம் கூட்டமாக இடம் பெயர ஆரம்பித்தன. ஒரு தெரு நாய் இன்னொரு தெருவுக்குள் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். காயம், சீழ், புழு. பசியால் செத்ததைவிடச் சண்டையில் அடிபட்டதுதான் நாங்கள் அதிகம் பார்த்தது.

அதனால் கையில் கிடைத்த இடத்தில் பிஸ்கட் வீசுவதை நிறுத்தினோம். தினமும் அதே இடம், அதே நேரம். முக்குகளில் வைப்பதில்லை, கடை வாசலில் வைப்பதில்லை, ஆள் நடக்காத மதில் ஓரமாகப் பார்த்து வைப்போம். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நல்ல இடைவெளி. சாப்பிட்டு முடிக்கும் வரை நின்று இலையையோ தட்டையோ எடுத்துக்கொண்டுதான் வருவோம். இதைச் செய்த தெருக்களில் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வரவில்லை. ஒரு வீட்டு அம்மா தாமாகவே சிமெண்ட் தொட்டி வாங்கி வைத்துத் தண்ணீர் ஊற்றினார்.

ஊரடங்கில் வெளியே போக பாஸ் விஷயம்: 2020 மார்ச்சிலேயே இந்திய விலங்குகள் நல வாரியம் எல்லா மாநிலங்களுக்கும், தெரு விலங்குகளுக்கு உணவளிப்பதைத் தடுக்காதீர்கள் என்று கடிதம் அனுப்பியிருந்தது. அதை போனில் வைத்துக்கொண்டு காட்டினால் பெரும்பாலான காவலர்கள் விட்டுவிட்டார்கள். கடிதத்தைப் பார்க்காமலே லத்தியை ஓங்கியவர்களும் உண்டு. இந்த முறை குழுவில் எல்லோரும் அதை அச்செடுத்துக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே அடையாள அட்டையும்.

---

நாமக்கல்_கால்நடை | 8 ஜனவரி 2022, காலை 6:50

முத்து தம்பி சொன்னது சரி. உணவுப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து ஒரு செய்தி. 2020 மார்ச்சில் கோழி தின்றால் கொரோனா வரும் என்று வதந்தி கிளம்பியது நினைவிருக்கும். முட்டை விலை படுவீழ்ச்சி அடைந்து பண்ணைக்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில் சில பண்ணைகள் விற்காத முட்டையைக் காப்பகங்களுக்குச் சும்மாவே கொடுத்தன. குருணை அரிசி, வேகவைத்த முட்டை, கொஞ்சம் மஞ்சள், பூசணியோ கேரட்டோ. நாய்க்கு இது போதுமான சாப்பாடு. வெங்காயம் வேண்டாம், மிச்சமான பிரியாணி வேண்டாம், எலும்பை வேகவைத்துப் போட வேண்டாம். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

நான் இங்கே எழுத வந்தது நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய் பற்றி. ஊரடங்குகளில் காப்பகங்கள் குட்டிகளை இழந்தது பெரும்பாலும் இதனால்தான். தடுப்பூசி போட ஆள் இல்லை, மருந்து வரத்து இல்லை, ஆனால் வாசலில் அட்டைப்பெட்டியில் குட்டிகளை வைத்துவிட்டுப் போவது மட்டும் நிற்கவில்லை. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையான குட்டிகளைத்தான் இது அதிகம் தாக்கும். வாந்தி, ரத்தக் கழிச்சல், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஃபினாயில் ஊற்றிக் கழுவினால் வாசனை வரும், பார்வோ போகாது. ப்ளீச் வேண்டும். கடையில் கிடைக்கும் ஐந்து சதவீத ப்ளீச்சை ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, முதலில் மலம், மண் எல்லாம் துடைத்து எடுத்த தரையில் ஊற்றி, பத்து நிமிடம் ஊற விட்டுக் கழுவுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் வேலை செய்யாது.

கொரோனாவுக்காக எல்லாக் காப்பகங்களும் ப்ளீச் வாங்கி வைத்தன. அதைக் கைப்பிடிக்கும் வாசலுக்கும் மட்டும் தெளித்தார்கள். குட்டி அறைக்கும் அதே கலவையை முறையாகப் பயன்படுத்திய இடங்களில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. அதோடு, புதிதாக வரும் குட்டியை இரண்டு வாரமாவது தனியாக வையுங்கள். மனிதர்களுக்குத் தனிமைப்படுத்தல் என்றால் என்ன என்று இப்போது எல்லோருக்கும் புரிகிறது. காப்பகத்தில் அது எப்போதுமே இருந்திருக்க வேண்டிய பழக்கம்.

---

கோவை_நந்தினி | 8 ஜனவரி 2022, காலை 9:15

தேவி அக்கா கேட்ட கேள்விக்கு என் பதில்: தற்காலிக வளர்ப்பு. ஃபாஸ்டர். அது நிரந்தரமாக இருக்க வேண்டும்.

ஊரடங்குக்கு முன்னால் எங்கள் காப்பகத்தில் ஃபாஸ்டர் வீடுகள் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். 2020 ஏப்ரலில் வேலையாள் இல்லாமல் திணறியபோது, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஐ.டி. பிள்ளைகளைக் குறிவைத்து வாட்ஸ்அப்பில் ஒரு வேண்டுகோள் போட்டோம். கிடைத்த வரவேற்பில் காப்பகத்தின் கால்வாசி கூண்டுகள் காலியாகின. கூண்டு காலியானதும் மீதி நாய்களுக்கு இடம் கிடைத்தது, சண்டை குறைந்தது, சளி இருமல் பரவுவது குறைந்தது. ஒரு ஆள் பார்க்க வேண்டிய நாய்களின் எண்ணிக்கையும் குறைந்தது.

ஆனால் சும்மா தூக்கிக் கொடுத்துவிட முடியாது. நேரில் வீடு பார்க்க முடியாததால் வீடியோ காலில் பார்த்தோம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலிருந்து நடந்து வரச் சொல்லுவோம். கேட் பூட்டுமா, கேட்டின் அடியில் எவ்வளவு இடைவெளி, மாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், பால்கனியில் வலை இருக்கிறதா. அப்புறம் வீட்டில் இருக்கும் எல்லோரையும் ஒரு நிமிடமாவது பேசச் சொல்லுவோம். மாமியாருக்கோ வீட்டுக்காரருக்கோ பிடிக்கவில்லை என்றால் குரலிலேயே தெரிந்துவிடும். நேரில் போகும்போது காபி கொடுத்துச் சிரித்து அனுப்பிவிடுவார்கள். உண்மையைச் சொன்னால், நேரில் போனதைவிட வீடியோவில் எங்களுக்கு அதிகம் தெரிந்தது. இப்போதும் முதல் பார்வை வீடியோவில்தான், அதன் பிறகுதான் நேரில்.

வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். இதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

---

வேளச்சேரி_வாசு | 8 ஜனவரி 2022, காலை 11:02

நீங்கள் எல்லோரும் நல்ல மனதோடு செய்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

எங்கள் குடியிருப்பு வாசலில் 2020க்கு முன்னால் நான்கு நாய்கள். எல்லாவற்றுக்கும் காதில் வெட்டு இருந்தது, அதாவது அறுவை ஆனவை. எங்களுக்கு அவற்றோடு பிரச்சினையே இல்லை, காவல்காரர் பெயர் வைத்துக் கூப்பிடுவார். ஊரடங்கில் வெளியிலிருந்து இரண்டு பெட்டைகள் வந்தன. யாரோ தினமும் ஸ்கூட்டரில் வந்து சோறு வைத்துவிட்டுப் போனார்கள். இன்று குட்டிகளோடு சேர்த்துப் பதினான்கு. என் மகள் டியூஷனிலிருந்து திரும்பும்போது துரத்தியிருக்கின்றன. போன மாதம் ஒரு முதியவருக்குக் கடி.

சோறு வைத்தவரைத் தேடினால் காணோம், ஊரடங்கு முடிந்ததும் அவர் வேலைக்குப் போய்விட்டார். காப்பகத்துக்கு போன் செய்தால் இடம் இல்லை. மாநகராட்சிக்கு போன் செய்தால் வரிசையில் நிற்கச் சொல்கிறார்கள். பேரிடர் காலத்தில் உணவு கொடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதன் பின்விளைவுக்கு யார் பொறுப்பு?

---

நாமக்கல்_கால்நடை | 8 ஜனவரி 2022, மதியம் 1:30

வாசு சார், உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் காரணம் சோறு மட்டும் இல்லை.

ஒரு பெட்டை நாய் பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 நாள். ஒரு ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டி சாதாரணம். அந்தக் குட்டிகளில் பெட்டைகள் ஆறேழு மாதத்திலிருந்தே பருவத்துக்கு வர ஆரம்பிக்கும். பல ஊர்களில் கருத்தடைப் பணி 2020இல் மாதக்கணக்கில் நின்றது, 2021 மே, ஜூனில் மறுபடியும் நின்றது. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குட்டிகளில் பெரும்பகுதி இறந்துபோகும் என்பது கொடுமையான உண்மை. அப்படி இறந்தும் மீந்தவைதான் உங்கள் வாசலில் நிற்பவை.

சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொல்வதால் எண்ணிக்கை குறையாது, கருத்தடைதான் வழி என்று உங்கள் ஊர் புளூ கிராஸ் 1964லிருந்து சொல்லி வருகிறது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996இல். 2001இல் நாடு முழுமைக்கும் விதிகள் வந்தன. பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பது அந்த விதி. அதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் பழைய நான்கு நாய்கள் இருந்தவரை புதியவை உள்ளே வரவில்லை, கவனித்தீர்களா? பசியில் எல்லைகள் கலைந்த பிறகுதான் வந்தன. முத்து தம்பி மதுரையில் பார்த்ததும் அதுதான்.

---

தாம்பரம்_தேவி | 8 ஜனவரி 2022, மாலை 4:10

நாமக்கல் டாக்டர் சார் சொன்னதைத்தான் நான் முதல் பதிவில் சுருக்கமாகச் சொன்னேன். அறுவையை அத்தியாவசிய சேவை இல்லை என்று ஒதுக்கியதுதான் நமக்கு இன்றுவரை பாரமாக இருக்கிறது. சோறு போடுகிற படம் பார்த்து நன்கொடை வருகிறது. அறுவை அறைக்கு வருவதில்லை. ஆனால் சோறு போடும் ஒவ்வொரு இடத்திலும் கூடவே பிடிக்கும் வண்டியும் போக வேண்டும். நாய் தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே இடத்துக்கு வந்தால் வலை வீச வேண்டியதே இல்லை, பழகியவர் கையில் தானாக வரும். உணவளிப்பவரும் அறுவை செய்பவரும் தனித்தனியாக ஓடியதால்தான் வாசு சார் வாசலில் பதினான்கு.

2021 மே ஊரடங்கில் எங்களால் முடிந்த ஒன்றைச் செய்தோம். முன்பு ஒரே நாளில் வரிசையாகப் பல அறுவைகள் நடக்கும். அதை நாளுக்கு மிகச் சில என்று குறைத்து, ஒரு மருத்துவர், ஒரு உதவியாளர், முகக்கவசத்தோடு, ஜன்னல் திறந்த அறையில் செய்தோம். பெட்டைகளுக்கு மட்டும் முன்னுரிமை. பிடித்து வருபவர் வாசலிலேயே கூண்டை வைத்துவிட்டுப் போய்விடுவார். அறுவை முடிந்து, ரேபிஸ் ஊசி போட்டு, சில நாள் வைத்திருந்து காயம் ஆறியதும் அதே தெருவில் விடுவோம். அதிகம் முடியவில்லை. ஆனாலும் அந்தச் சில தெருக்களில் இந்த வருடம் குட்டிகள் இல்லை.

இன்னொரு புதுச் சேவையும் இரண்டாவது அலையில்தான் பிறந்தது. குடும்பமே தொற்றில் மருத்துவமனைக்குப் போய்விட, வீட்டில் நாய் மட்டும். மே மாதம் இப்படி அழைப்பு வராத நாளே இல்லை. ஒரு வீட்டுக்கு நானும் போனேன். பெண் நாய், நாட்டு இனம், கூடத்தில் சோபாவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தது. வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டு உள்ளே போன எங்களைப் பார்த்து உறுமியது. பிஸ்கட்டுக்கும் வரவில்லை. வார்டில் இருந்த அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். அவரால் மூச்சு விட்டுவிட்டுத்தான் பேச முடிந்தது. "போடி... அவங்க கூட... போயிட்டு வா கண்ணு" என்றார். காது இரண்டும் முன்னால் வந்தன. சோபாவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, போனை முகர்ந்து பார்த்துவிட்டு என் காலருகே உட்கார்ந்தது. அதன் பிறகு கயிறு மாட்டுவதில் சிரமமே இல்லை. அந்த அம்மா குணமாகி வந்து அழைத்துப் போய்விட்டார்.

எல்லாக் கதையும் அப்படி முடியவில்லை. உரிமையாளர் திரும்பாத வீட்டு நாய்கள் மூன்று இன்னும் எங்களிடம்தான் இருக்கின்றன. அதனால் இப்போது ஒரு படிவம் தயாரித்திருக்கிறோம். செல்லப்பிராணி வைத்திருக்கும் யாரும் இப்போதே நிரப்பி வைக்கலாம். எனக்கு ஏதாவது ஆனால் யார் பார்ப்பார்கள், தடுப்பூசி விவரம், என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும், வீட்டுச் சாவி யாரிடம். இரண்டு பெயராவது எழுத வேண்டும்.

---

பூனைவீடு_பாத்திமா | 8 ஜனவரி 2022, இரவு 8:20

நாய்களைப் பற்றியே பேசுகிறீர்கள், பூனைகளுக்காக நான் வருகிறேன். திருவல்லிக்கேணியில் வீட்டிலேயே பூனைக்குட்டிகளை வளர்த்துக் காப்பகத்துக்கு உதவுகிறேன்.

காசிமேடு, சிந்தாதிரிப்பேட்டை மாதிரி மீன் சந்தைகள் மூடியபோது அங்கே இருந்த பூனைகள் நிலையை நினைத்துப் பாருங்கள். நாய்க்குச் சோறு வைக்க ஆட்கள் வந்தார்கள். பூனை வெளிச்சத்தில் வந்து நிற்காது, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. சோறும் தயிரும் வைத்தால் தொடாது, அதற்கு மீனோ கோழியோ வேண்டும். கருவாட்டுத் தண்ணீரில் பிசைந்து வைத்தால்கூட முகர்ந்துவிட்டுப் போன பூனைகள் உண்டு. உப்பும் அதற்கு நல்லதில்லை. கடைசியில் சங்கரா மீன் வாங்கி வேகவைத்து முள் எடுத்துத்தான் கொண்டுபோனோம். ராத்திரி, ஆள் அடங்கின பிறகு.

டாக்டர் சார் ஃபினாயில் பற்றிச் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபினாயிலும் டெட்டாலும் பூனைக்கு விஷம். தரையில் நடந்து காலை நக்கும், அவ்வளவுதான். கொரோனா பயத்தில் பூனை வெளியே போய்விட்டு வந்ததும் டெட்டால் தண்ணீரில் துடைத்தவர்கள், சானிடைசர் தெளித்தவர்கள் எத்தனை பேர்! தோல் வெந்து, வாய்ப்புண்ணோடு கொண்டுவருவார்கள். சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணி போதும்.

அப்புறம் தாயில்லாக் குட்டிகள். காப்பகத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க ஆள் கிடையாது. வீட்டில்தான் முடியும். பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும், பூனைக்குட்டிக்கான பால் பவுடர் வேண்டும். ஊரடங்கில் அது கிடைக்காமல் அலைந்தோம். இந்த முறை யாராவது கடை வைத்திருந்தால் இரண்டு டப்பா முன்பே ஒதுக்கி வையுங்கள். இன்னொன்று, குட்டி குளிர்ந்து கிடந்தால் முதலில் சூடு, பிறகுதான் பால். குளிர்ந்த வயிற்றில் பால் போனால் செரிக்காது.

---

செங்கை_புதியவன் | 8 ஜனவரி 2022, இரவு 10:05

நான் இங்கே புதிது. வீட்டில் ஒரு லேப்ரடார் இருக்கிறது. வண்டலூரில் சிங்கங்களுக்கே கொரோனா வந்ததே, நாய் மூலம் நமக்கு வராதா என்று அம்மா தினமும் கேட்கிறார். மூன்றாவது அலை வந்தால் காப்பகத்தில் விட்டுவிடு என்கிறார். என்ன சொல்வது?

---

நாமக்கல்_கால்நடை | 9 ஜனவரி 2022, காலை 7:15

தம்பி, அம்மாவின் பயம் இயல்பானது. ஆனால் திசை மாறியிருக்கிறது. 2021 ஜூனில் வண்டலூரில் நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. மாதிரி எடுத்த பதினொரு சிங்கங்களில் ஒன்பதுக்குத் தொற்று இருந்ததை போபால் ஆய்வகம் சொன்னது. சில நாளில் பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் போனது. முதுமலை முகாம் யானைகளுக்குக்கூட அப்போது பரிசோதனை செய்தார்கள். பூட்டிய வளாகத்தில் இருக்கும் சிங்கத்துக்குத் தொற்று மனிதர்கள் வழியாக வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பூனை இனத்துக்கு எளிதில் தொற்றும், நாய்க்கு அரிது. வீட்டு நாயோ பூனையோ இந்த நோயைப் பரப்புவதில் குறிப்பிடும்படியான பங்கு வகிப்பதாக ஆதாரம் இல்லை.

எனவே வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் நாயை அவரிடமிருந்து தள்ளி வையுங்கள். கொஞ்சுவது, தட்டில் பங்கு கொடுப்பது, பக்கத்தில் படுக்க வைப்பது வேண்டாம். நல்ல உடம்போடு இருப்பவர் ஒருவர் சாப்பாடு கொடுக்கட்டும். காப்பகத்தில் விடுவது தீர்வே இல்லை. எண்பது நாய் இருக்கும் இடத்தில் வீட்டு லேப்ரடார் ஒரு வாரத்தில் உண்ணாமல் இளைத்துவிடும்.

---

மதுரை_முத்து | 9 ஜனவரி 2022, காலை 8:40

ஒரு அவசர விஷயம், எல்லா உணவளிக்கும் குழுக்களுக்கும். கடி பட்டால் ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். 2021 மே மாதம் எங்கள் குழுத் தம்பி ஒருவனுக்குக் கையில் பல் பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா வந்துவிடும், அப்புறம் போட்டுக்கொள்கிறேன் என்றான். நாங்கள் விடவில்லை. குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். அங்கே கூட்டமே இல்லை, இலவசமாகப் போட்டார்கள். ரேபிஸ் வந்துவிட்டால் பிழைப்பது கிடையாது. கொரோனாவோடு ஒப்பிடவே கூடாத விஷயம் அது.

குழுவில் சேருபவர்களுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டுவிடுவதை இப்போது கட்டாயம் ஆக்கிவிட்டோம். எல்லாக் காப்பகப் பணியாளர்களுக்கும் இது இருக்க வேண்டும்.

---

கோவை_நந்தினி | 9 ஜனவரி 2022, மதியம் 12:20

இன்று முழு ஊரடங்கு என்பதால் நிதானமாக எழுதுகிறேன். பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

முதல் ஊரடங்கில் நன்கொடை கொட்டியது, மக்கள் வீட்டில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு வேலை போனது, சம்பளம் குறைந்தது, மாதம் நூறு இருநூறு அனுப்பியவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் வேறு கடுமையானது. டெல்லியில் குறிப்பிட்ட வங்கிக் கிளையில் கணக்கு, ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொன்றுக்குக் கொடுக்கத் தடை. பெரிய அமைப்புகளிடமிருந்து எங்களைப் போன்ற சின்ன இடங்களுக்கு வந்துகொண்டிருந்த உதவி அதோடு நின்றது. 2021இல் தமிழக அரசு முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து தெரு விலங்குகளின் உணவுக்கு ஒதுக்கியது நல்ல முன்னுதாரணம். இந்த முறையும் நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். உணவுக்கு மட்டும் இல்லாமல், தேவி அக்கா சொன்ன மாதிரி அறுவைக்கும் சேர்த்துக் கேட்போம்.

அடுத்தது தத்தெடுப்பு. ஊரடங்கில் வாங்கிய குட்டிகள் அலுவலகம் திறந்ததும் திரும்பி வர ஆரம்பித்தன. எங்களிடம் எடுத்தவர்களைவிடக் கடையில் காசு கொடுத்து வாங்கியவர்கள்தான் அதிகம் கொண்டுவந்து விட்டார்கள். ஹஸ்கி, பீகிள், ஷிட்சு. பிறந்ததிலிருந்து ஒரு நிமிடம்கூடத் தனியாக இருந்ததில்லை. திடீரென்று பத்து மணி நேரம் பூட்டி வைத்தால் கதவைப் பிறாண்டி நகம் பெயர்த்துக்கொள்ளும். இப்போது நாங்கள் தத்துக் கொடுக்கும் முன் கேட்பது ஒரே கேள்வி: அலுவலகம் திறந்த பிறகு உங்கள் ஒரு நாள் எப்படி இருக்கும், மணி வாரியாகச் சொல்லுங்கள். தடுமாறினால் ஃபாஸ்டராக மட்டும் கொடுப்போம். எடுத்த முதல் வாரத்திலிருந்தே தினம் கொஞ்ச நேரம் தனியாக விட்டுப் பழக்கச் சொல்லுவோம்.

செங்கை தம்பி, உங்கள் அம்மாவோடு பேச வேண்டும் என்றால் தனிச்செய்தியில் எண் அனுப்புங்கள். எங்களிடம் ஒரு வயதான தன்னார்வலர் அம்மா இருக்கிறார். அவர் பேசினால் அம்மாக்கள் கேட்பார்கள்.

---

வேளச்சேரி_வாசு | 9 ஜனவரி 2022, மாலை 5:45

எல்லாவற்றையும் படித்தேன். டாக்டர் சார், பழைய நான்கு நாய்கள் இருந்தவரை புதியவை வரவில்லை என்று நீங்கள் சொன்னதை நான் அந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை.

தேவி மேடம், எங்கள் சங்கத்தில் நேற்றே பேசினேன். நாய்களை எங்காவது கொண்டுபோய் விட ஆள் பிடிக்கலாம் என்ற யோசனை ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அறுவைக்கு ஆகும் மருந்துச் செலவைச் சங்கமே கொடுக்கும் என்று ஒப்புக்கொண்டார்கள். கீழ்த்தள வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு மூலையைக் கூண்டு வைக்க ஒதுக்க முடியும். எப்படித் தொடங்குவது?

---

தாம்பரம்_தேவி | 9 ஜனவரி 2022, இரவு 7:30

வாசு சார், சங்கத்தில் எல்லோருக்கும் எங்கள் நன்றியைச் சொல்லுங்கள். இன்னும் பத்துக் குடியிருப்புகள் இப்படி முன்வந்தால் எங்கள் வேலை பாதியாகக் குறையும்.

முதலில் அந்தப் பதினான்கையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்புங்கள். காது தெரிகிற மாதிரி. காதில் வெட்டு இருந்தால் விட்டுவிடலாம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாயை இப்போது தொட வேண்டாம், குட்டிகள் பால் மறந்த பிறகு பார்ப்போம். மடி தொங்கினால் படத்தில் தெரியும். ஓரளவு வளர்ந்த பெட்டைகள்தான் முதலில்.

காவல்காரரையே சோறு வைக்கச் சொல்லுங்கள், அவரிடம்தான் பழகியிருக்கின்றன. நாளையிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு, கூண்டு வைக்கப் போகும் அதே மூலையில். கூண்டைத் திறந்து வைத்து அதற்குள்ளேயே தட்டை வையுங்கள். கதவைத் திறந்தபடியே கட்டி வைத்துவிடுங்கள், தவறி மூடிவிட்டால் பயந்துபோய் மறுபடி வராது. பொங்கல் விடுமுறை முடியும்வரை இப்படியே பழகட்டும். வெடிச் சத்தம் இருந்தால் அன்றைக்கு வராது, அடுத்த நாள் வரும்.

பொங்கல் முடிந்த வாரத்தில் மருத்துவர் நாள் கொடுத்திருக்கிறார். முந்தின நாள் மாலை வழக்கம்போலச் சாப்பிடட்டும், அதற்குப் பிறகு யாரும் எதுவும் கொடுக்கக்கூடாது, மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும். தண்ணீர் மட்டும் காலை வரை இருக்கலாம். வண்டி காலை ஆறரைக்கு வரும். இரவு ஊரடங்கு ஐந்து மணிக்கு முடிவதால் சிக்கல் இல்லை. அனுமதிக் கடிதத்தின் நகலை நானே உங்கள் காவல்காரரிடம் கொடுத்துவிடுகிறேன்.

---

வேளச்சேரி_வாசு | 9 ஜனவரி 2022, இரவு 8:05

சரி மேடம். காவல்காரரிடம் பேசிவிட்டேன், அவருக்குச் சந்தோஷம். படங்களை நாளை மதியத்துக்குள் அனுப்புகிறேன். அந்த முதியவரைக் கடித்த நாயையும் தனியாகக் குறித்து அனுப்பவா?

---

தாம்பரம்_தேவி | 9 ஜனவரி 2022, இரவு 8:12

கண்டிப்பாக. எந்தத் தேதியில் கடித்தது, அந்த நாய் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறதா, அதற்குப் பக்கத்தில் குட்டிகள் இருந்தனவா, இதையும் எழுதுங்கள். பெரியவர் எல்லா ஊசியும் முடித்துவிட்டாரா என்று இன்றே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.